பத்து மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் படம்

பறவைகளை நாலைந்து வருடம் படமெடுத்துப் பழகிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறேழு பேர் மட்டும் சேர்ந்து மழைக்காட்டுக்குப் போய், அழிந்துவரும் குரங்கினங்களைப் படமெடுக்கும் பயணங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் சேரலாம் என்றிருக்கிறேன். விலங்குகளுக்குத் தொல்லை இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? எது நல்ல பயணம், எது மோசமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்ன லென்ஸ் எடுத்துப் போக வேண்டும்?"

முடியும். இப்படிப்பட்ட குழுக்களோடு பல வருடம் போய்வந்திருக்கிறேன். சில தடவை நானே கூட்டிப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். லென்ஸ் கேள்வியை நீங்கள் கடைசியில் வைத்தது சரி, நானும் அதற்குக் கடைசியில்தான் வருவேன். முதலில் பேச வேண்டியது சளியைப் பற்றி.

சாதாரண ஜலதோஷம்தான். பறவையைப் படமெடுக்கும்போது உங்களுக்கு மூக்கு ஒழுகினால் அது உங்கள் கஷ்டம், மரங்கொத்திக்கு அதனால் ஒன்றுமில்லை. கொரில்லாவும் சிம்பன்சியும் அப்படியில்லை. நம் உடம்புக்கும் அவற்றின் உடம்புக்கும் அவ்வளவு நெருக்கம். நம்மை இரண்டு நாள் தும்ம வைத்துவிட்டுப் போகிற கிருமி, அதை முன்பின் பார்த்திராத ஒரு கூட்டத்துக்குள் புகுந்தால் உயிரை எடுத்துவிடும். ஐவரி கோஸ்ட் நாட்டின் டாய் காட்டில் 1999-க்கும் 2006-க்கும் இடையில் சிம்பன்சிகள் சில தடவை கொத்தாகச் செத்தன. இறந்தவற்றின் உடலில் கிடைத்தவை மனிதர்களின் சுவாச வைரஸ்கள் என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2009-ல் ருவாண்டாவில் ஒரு மலைக் கொரில்லாக் குடும்பத்துக்குச் சளி வந்து, ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. அதுவும் மனித வைரஸ்தான். 2013-ல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சிகள் இருந்த ஒரு கூட்டத்தில் ஐந்து இறந்தன. காரணம் ரைனோவைரஸ்-சி. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிற வகைச் சளி.

மூச்சுக்காற்றுதான் என்றில்லை. 1996-ல் உகாண்டாவின் பிவிண்டி காட்டில் கொரில்லாக்களுக்குச் சொறி பிடித்தது. உடம்பு முழுக்க முடி உதிர்ந்து ஒரு குட்டி இறந்தது. அதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிக்குசோகாவின் சந்தேகம் போய் நின்ற இடம், காட்டோரத் தோட்டங்களில் நட்டிருந்த சோளக்கொல்லை பொம்மைகள். அவற்றுக்கு மாட்டிவிட்ட பழைய துணிகளிலிருந்து சொறி பரவியிருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. காட்டோரத்து மனிதர்களின் உடல்நலத்தைப் பார்க்காமல் கொரில்லாவின் உடல்நலத்தைப் பார்க்க முடியாது என்று சொல்லி, 2003-ல் அதற்கென்றே ஓர் அமைப்பையும் அவர் தொடங்கினார்.

அதே பிவிண்டியில் ஒரு தடவை எங்கள் குழுவில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருடம் பணம் சேர்த்து வந்தவர். முதல் நாள் இரவே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் எங்களோடு வரிசையில் நின்றார். இரண்டு மணி நேரம் மலை ஏறினோம். கொரில்லாக்கள் இருந்த சரிவுக்குச் சற்றுக் கீழே, முகக்கவசம் மாட்டச் சொன்ன இடத்தில், ஒரே ஒரு முறை தொண்டையைச் செருமினார். முன்னால் போன வனக்காவலர் திரும்பி வந்தார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்கள் இங்கேயே உட்காருங்கள், உங்களோடு ஒருவர் துணைக்கு இருப்பார்" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது, அவர் அதே மரவேரின் மேல் உட்கார்ந்து கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் எதுவுமில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள்மேல்தான் வந்தது. 'உடம்பு சரியில்லை என்று நீங்களாக விலகினால் ஒரு காசு திரும்பாது' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். உண்மை சொல்கிறவருக்குத் தண்டனை என்றால் யார் உண்மை சொல்வார்? ஆகவே பணம் கட்டுமுன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மலையேறும் நாளில் எனக்குச் சளி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான். மாற்று நாள் தருவார்களா, ஒரு பகுதியாவது திருப்பித் தருவார்களா, வேறு காட்டுநடை ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த ஒரு பதிலிலேயே அவர்கள் விலங்கின் பக்கமா கல்லாப்பெட்டியின் பக்கமா என்று பாதி தெரிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தடுப்பூசிகளை முடித்துக்கொண்டு போங்கள். உகாண்டா போன்ற நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கட்டாயம். ஊர் மாறி, விமானம் மாறி வந்திறங்கிய மறுநாளே காட்டுக்குள் போகாமல் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள், விமானத்தில் தொற்றியது எதுவானாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். காட்டுக்குள் எச்சில் துப்பாதீர்கள், கொரில்லாக்களுக்குப் பக்கத்தில் எதையும் தின்னாதீர்கள். ஒரு காட்டின் சேற்றோடு பூட்ஸை இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது தூரம். மலைக் கொரில்லாவுக்கு விதிகள் கறாரானவை. மனிதர்களைப் பார்த்துப் பழகிய ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 8 பேர், ஒரே ஒரு மணி நேரம், 15 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதியில்லை. நெருங்கும் தூரம் நெடுங்காலம் 7 மீட்டராக இருந்து, கொரோனாவுக்குப் பிறகு 10 மீட்டரானது. முகக்கவசம் உண்டு, ஃப்ளாஷ் கூடவே கூடாது. காகிதத்தில் இப்படி. நடப்பது வேறு. கொரில்லா பார்க்கப் போனவர்கள் இன்ஸ்டாகிராமில் போட்ட 858 படங்களை எடுத்து ஆராய்ந்து 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 86 சதவீதப் படங்களில் மனிதருக்கும் கொரில்லாவுக்கும் இடையில் 4 மீட்டர்கூட இல்லை. பூச்சி மருந்து தெளிக்கிறவர் வாயைத் திறந்துகொண்டு நிற்பது போன்ற காரியம் இது, என்ன வித்தியாசம் என்றால் மருந்து போய்ச் சேருவது எதிரில் இருப்பவருக்கு.

'நான் தள்ளித்தான் நின்றேன், குட்டிதான் கிட்டே வந்தது' என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகவே வரும். கொரில்லாக் குட்டிக்கு நம் பூட்ஸ் கயிறு பெரிய அதிசயம். அப்போது பின்வாங்க வேண்டியவர் நீங்கள். பின்னால் புதர், இடமில்லை என்றால் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, கையை மடக்கிக்கொண்டு, காவலர் சொல்வதைச் செய்யுங்கள். இதில் பெரிய சோதனை வைட் ஆங்கிள் லென்ஸ். அது பையில் இருந்தால் கிட்டே போகச் சொல்லிக் கொண்டே இருக்கும். நான் சில வருடத்துக்கு முன்பே அதைக் கொரில்லாக் காட்டுக்கு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். இருப்பது தூர லென்ஸ் மட்டும் என்றால், கிட்டே போக ஆசை வராது. கால் தானாகப் பின்னே போகும்.

படமெடுத்த பிறகும் படம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2009-ல் ஒரு காணொளி உலகமெங்கும் சுற்றியது. ஸ்லோ லோரிஸ் என்ற ஆசியத் தேவாங்கு ஒன்று, ஒருவர் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்ட, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருக்கும். லட்சக்கணக்கானோர் 'எவ்வளவு செல்லம்!' என்றார்கள். அது கையைத் தூக்குவது பயத்தில். முழங்கைக்குப் பக்கத்துச் சுரப்பியிலிருந்து வரும் திரவத்தை நக்கி எச்சிலோடு சேர்த்து நஞ்சாக்கிக் கடிப்பதுதான் அதன் தற்காப்பு. கையைத் தூக்குவது அதற்கான ஆயத்தம். அந்தத் தேவாங்குகளின் பன்னாட்டு வணிகம் 2007-லேயே தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனாலும் காணொளிக்குக் கீழே 'எனக்கும் ஒன்று வேண்டும், எங்கே கிடைக்கும்?' என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் குரங்கின வல்லுநர் குழு 2021-ல் படங்களுக்கென்றே தனியாக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டதற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள் பின்னணி. சாரம் எளிது: குரங்கைத் தொட்டுக்கொண்டோ தூக்கிக்கொண்டோ ஒட்டி நின்றோ இருக்கும் மனிதர் படத்தில் வேண்டாம், விஞ்ஞானியே ஆனாலும் வேண்டாம். பார்க்கிறவருக்குப் பின்கதை தெரியாது. 'இதைத் தொடலாம் போலிருக்கிறதே' என்பது மட்டும் மனதில் தங்கும். காட்டில் நீங்களும் கொரில்லாவும் ஒரே சட்டகத்தில் வரும் செல்ஃபியை எடுக்காமல் விட்டால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, சிறு குழு ஏன்? மழைக்காட்டில் வெளிச்சம் விழும் இடமும் இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்தும் மிகக் குறைவு. முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு சிம்பன்சி அத்திப்பழம் தின்றுகொண்டிருக்கும். தரையில் அதைப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் தோதாக அமையும். எட்டுப் பேர் இருந்தால் அந்த இடத்துக்கு முண்டியடிப்பார்கள், செடிகளை ஒடிப்பார்கள், அது நகர்ந்தால் எட்டுப் பேரும் ஓடுவார்கள். நாலு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். காவலர், தடம் தேடுபவர்கள், வழிகாட்டி என்று உங்களோடு வரும் உள்ளூர்க்காரர்களையும் எண்ணுங்கள். நாலு பேர் குழு என்பது காட்டுக்குள் எட்டுப் பேராகிவிடும். என் கணக்கில் நாலு நல்லது, ஆறுக்கு மேல் வேண்டாம்.

ஆனால் 'சிறு குழு' என்ற சொல்லை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். ஆறு பேர் கொண்ட ஐந்து குழுக்கள் ஒரே காலையில் ஒரே குடும்பத்தைப் பார்க்கப் போனால் முப்பது பேர். மடகாஸ்கரின் அந்தாசிபே காட்டில் இந்திரி என்ற பெரிய லெமூர் இருக்கிறது. காலையில் குடும்பமாகச் சேர்ந்து பாடும். அந்தப் பாட்டு கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். சிறைப்பட்டால் பிழைக்காத விலங்கு அது, எந்த விலங்குக்காட்சிசாலையிலும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காடுகளுக்குத்தான் போக வேண்டும். ஆகவே வசதியான பாதைகளுக்குப் பக்கத்தில் வாழும் குடும்பங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். உங்கள் குழு எத்தனை பேர் என்பதோடு, அந்த விலங்குக் குடும்பத்தை ஒரு நாளில் மொத்தம் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். கூட்டம் கலைந்த பிறகு, பத்து மணிக்கு மேல் போகத் தயாராக இருக்கும் வழிகாட்டி கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இந்திரியைச் சொன்னதால் இன்னொன்று. கைப்பேசியில் பதிவு செய்த பாட்டைப் போட்டு அவற்றைப் பாட வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கிப்பன் என்ற வாலில்லாக் குரங்குகளுக்கும் இதைச் செய்கிறார்கள். உங்களுக்கு அது பாட்டு. அவற்றுக்கு 'வேற்றுக் குடும்பம் நம் எல்லைக்குள் வந்துவிட்டது' என்ற செய்தி. தின்பதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடிக் கிளைகிளையாக ஓடும். யாராவது ஸ்பீக்கரை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் பணம் கட்டிய விருந்தினர், நீங்கள் சொன்னால் எடுபடும்.

தீனியும் அதே ரகம். வாழைப்பழத்தைக் காட்டிக் கீழே வரவழைத்தால் படம் சுலபமாகக் கிடைக்கும். சுமத்ராவின் புக்கிட் லாவாங்கில் 1973-ல் உராங்குட்டான் மறுவாழ்வு மையம் தொடங்கினார்கள். அங்கே மனிதர் கையால் தின்று பழகிய உராங்குட்டான்களும் அவற்றின் வாரிசுகளும் இன்றும் சுற்றுலாக்காரர்களின் பையைத் தேடி இறங்கி வருவதுண்டு, கடிபட்டவர்களும் உண்டு. ஒரு பழத்துக்காகத் தரைக்கு வரக் கற்ற உராங்குட்டான் நாளைக்கு யாருடைய தோட்டத்துக்கும் வரும், அங்கே துப்பாக்கி இருக்கும். பெண் உராங்குட்டான் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், ஒன்று செத்தால் ஈடுகட்ட ஒரு தலைமுறை ஆகும். 'நூறு சதவீதம் பார்க்கலாம், கிட்டத்தில் பார்க்கலாம்' என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால், எதை வைத்துக் கொடுக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் தீனிதான், அல்லது கூண்டு.

மனிதர்களைப் பார்த்து ஓடாத அளவுக்கு ஒரு காட்டுக் குடும்பத்தைப் பழக்குவது வேறு விஷயம். அதில் தீனி கிடையாது, பொறுமை மட்டும்தான். தினமும் அதே ஆட்கள் போய், தூரத்தில் உட்கார்ந்து, திரும்பி வர வேண்டும். மலைக் கொரில்லாவுக்கு இரண்டு வருடம்போல ஆகும், சிம்பன்சிக்கு அதைவிட அதிகம். நம்மைப் பார்த்து ஓடாத விலங்கு வேட்டைக்காரனைப் பார்த்தும் ஓடாது என்பதால், பழக்கிய குடும்பத்தைக் காவல் இல்லாமல் விடவே கூடாது. பெர்மிட் (பார்ப்பதற்கான அனுமதிச் சீட்டு) பணம் அந்தக் காவலுக்கும் உதவுகிறது. பழகாத கூட்டத்தைத் துரத்திப்போய் எடுக்கும் 'சாகசப் பயணம்' என்று எதையாவது பார்த்தால் விலகிவிடுங்கள். போகவே கூடாத இனங்களும் இருக்கின்றன. சீனாவின் ஹைனான் கிப்பன் 2003-ல் 13 தான் இருந்தது, இன்றும் நாற்பதை ஒட்டித்தான். சுமத்ராவின் தபானுலி உராங்குட்டானைத் தனி இனம் என்று 2017-ல்தான் அறிவித்தார்கள், மொத்தம் 800-க்கும் குறைவு. இவற்றையெல்லாம் ஆய்வாளர்கள் எடுக்கும் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றி. ருவாண்டாவில் கொரில்லா பெர்மிட் 2017-லிருந்து 1,500 அமெரிக்க டாலர். உகாண்டாவில் 800. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவா என்று மலைப்பாக இருக்கும். 1981-ல் ருவாண்டா, உகாண்டா, காங்கோ எல்லையில் உள்ள விருங்கா மலைகளில் எண்ணியபோது 254 கொரில்லாக்கள்தான் இருந்தன, இனி அவ்வளவுதான் என்று பலர் கைவிட்ட நேரம். இன்று பிவிண்டியையும் சேர்த்து எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, 2018-ல் 'மிக அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து 'அருகிய இனம்' என்ற நிலைக்கு மாற்றினார்கள். தினசரிக் காவலும் காட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது, அதற்கெல்லாம் பணம் வேண்டும். ருவாண்டா தன் பூங்காச் சுற்றுலா வருமானத்தில் 10 சதவீதத்தைச் சுற்றுப்புறக் கிராமங்களுக்குத் தருகிறது. அந்த விலையில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் இந்தக் கதையில் தோற்றவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள். பிவிண்டி 1991-ல் தேசியப் பூங்காவானபோது, அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பட்வா மக்களை வெளியேற்றினார்கள். இன்று பல பயணத் திட்டங்களில் கொரில்லா பார்த்த மறுநாள் 'பட்வா நடனம்' என்று ஒரு வரி இருக்கும். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போனால், கட்டணத்தில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேமராவைத் தூக்குமுன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். குரங்கிடம் காட்டும் நாகரிகத்தை மனிதரிடம் காட்டாமல் வரும் படப்பிடிப்பாளர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், எனக்கு அது தாங்கவே தாங்காது. அதேபோல உள்ளூரில் சுமைதூக்க வருபவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள், உங்களால் தூக்க முடிந்தாலும். காட்டுக்குள் கண்ணி வைக்காமல் பிழைக்க அவருக்கு அது ஒரு வழி.

இப்போது, விலங்கு 'போதும்' என்று சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது? அவை சொல்லிக்கொண்டேதான் இருக்கும், கவனம் வ்யூஃபைண்டருக்குள் இருப்பதால் நமக்குத்தான் தெரியாது. சிம்பன்சி பல்லை இளித்தால் சிரிப்பில்லை, பயம். காரணமில்லாமல் அடிக்கடி உடம்பைச் சொறிந்தால் பதற்றம். கொரில்லா கொட்டாவி விடுவது தூக்கத்தால் என்று நினைத்துக்கொள்கிறோம், பல சமயம் அதுவும் பதற்றம்தான். வெள்ளிமுதுகு ஆண் (முதுகு நரைத்த பெரிய ஆண் கொரில்லா) உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உங்களை நேராகப் பார்த்தால் பார்வையைத் தாழ்த்தி ஒதுங்குங்கள்.

போர்னியோவின் டானும் பள்ளத்தாக்கில் ஒரு காலை. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அத்திமரத்தில் ஒரு தாய் உராங்குட்டான், அதன் விலாவைப் பற்றிக்கொண்டு ஒரு வயதுகூட ஆகாத குட்டி. நாங்கள் ஐந்து பேர். வெளிச்சம் அப்போதுதான் இலைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாய் நான்கைந்து பழம் தின்றது, எங்களைப் பார்த்தது, உதட்டைக் குவித்து 'ப்ச்' என்று முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம். எங்கள் வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். இரண்டாவது 'ப்ச்'. பிறகு ஒரு சிறு கிளையை ஒடித்துக் கீழே போட்டது, எங்கள்மேல் இல்லை, எங்கள் பக்கமாக. "கிளம்பலாம்" என்றார் வழிகாட்டி. வந்து ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டி இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சினார். வழிகாட்டி பதில் சொல்லவில்லை, முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் ஐம்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தபோது தாய் மறுபடியும் தின்னத் தொடங்கியிருந்தது. அன்று என்னிடம் இருந்த நல்ல படம் ஒன்றுதான். குட்டியின் விரல்கள் தாயின் செம்பட்டை முடிக்குள் புதைந்திருக்கும், தாயின் முகம் பாதி இலைக்குப் பின்னால். அதை இன்றும் என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.

இனி லென்ஸ். முழுச்சட்டக் கேமராவுக்கு 100-400 அல்லது 70-200 f/2.8, இரண்டில் ஒன்று போதும். கொரில்லாவுக்கு 70-200, மரத்தின் உச்சியில் வாழ்பவற்றுக்கு 100-400. ட்ரைபாட் காட்டுக்குள் தொல்லை, மோனோபாட் கைத்தடியாகவும் உதவும். சைலன்ட் ஷட்டர் இருந்தால் போடுங்கள், ஃபோகஸுக்கு உதவும் சிவப்பு விளக்கை மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள், அது நேராக விலங்கின் கண்ணில் அடிக்கும். மழைக்காட்டின் தரையில் பகலிலும் அந்திபோல இருட்டு. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள், படத்தில் மணல்போலப் புள்ளிகள் தெரிந்தால் தெரியட்டும். உட்கார்ந்திருக்கும் கொரில்லாவுக்கு 1/125 ஷட்டர் வேகம் போதும். கிளை தாவும் சிபாகா என்ற லெமூருக்கு 1/1000 வேண்டும்.

வெளிச்ச அளவில்தான் பறவைக்காரர்கள் தடுமாறுவார்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகம் நிறையக் கறுப்பு ரோமம் இருந்தால் அதையும் சாம்பலாக்கி வெளுத்துவிடும், ஆகவே முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறையுங்கள். மரஉச்சியில், பின்னால் வெள்ளை வானம் இருக்கும்போது நேர்மாறு: ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டாவிட்டால் நிழலுருவம்தான் மிஞ்சும். கறுப்பு முகத்தில் உயிர் இருப்பது கண்ணில் விழும் அந்தச் சின்ன வெளிச்சப் புள்ளியில். அது விழும் கோணத்துக்குத் தலை திரும்பும்வரை காத்திருங்கள், விசிலடித்தோ கைதட்டியோ திரும்ப வைக்காதீர்கள்.

ஈரம் கேமராவின் எமன். ஏசி அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடிக்குள் பனி படிந்து அரை மணி நேரம் போய்விடும். இரவில் பையை இறுக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். அட்டைக்கு முழங்கால்வரை வரும் துணிக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள், நசுக்க முயன்று குதிப்பதால்தான் பல நல்ல தருணங்கள் கலைந்திருக்கின்றன.

இரவு நடைகளில் தேவாங்கு, ஐ-ஐ என்ற மடகாஸ்கர் லெமூர் போன்றவற்றைத் தேடுவீர்கள். அவற்றின் கண் நம் கண்ணைவிட வெளிச்சத்தைப் பல மடங்கு வாங்கும். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் மட்டும் போதும், அதையும் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கத்தில் பிடியுங்கள். ஒரு விலங்குக்கு ஓரிரு நிமிடம், அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு நகருங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். ட்ரோன் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வீடு திரும்பிய பிறகு, படத்தைப் பதிவேற்றுமுன் இடக்குறிப்பை நீக்குங்கள். நாட்டின் பெயரோ பூங்காவின் பெயரோ போதும், எந்த ஓடைக்குப் பக்கம் என்பது வேட்டைக்காரனுக்குத்தான் தேவை. உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் அருகிய இனங்களின் இடத்தை அதுவே மங்கலாக்கிவிடும், எல்லாத் தளங்களும் அப்படிச் செய்யாது. கொரில்லாவின் மூக்குச் சுருக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, கைரேகை மாதிரி. கூர்மையான முகப்படங்கள் இருந்தால் பூங்கா ஆட்களிடம் ஒரு பிரதி கொடுங்கள், காயமோ தோல்நோயோ தெரியும் படம் என்றால் அன்றைக்கே. காப்பகத்தில் எடுத்ததைக் காப்பகம் என்று எழுதுங்கள். எத்தனை மீட்டர் தூரத்திலிருந்து, என்ன லென்ஸில் எடுத்தீர்கள் என்பதையும் தலைப்பில் சேர்த்துவிடுங்கள். வெட்டிப் பெரிதாக்கிய படத்தைப் பார்த்துவிட்டு 'இவ்வளவு கிட்டே போகலாம் போல' என்று அடுத்தவர் நினைக்காமல் இருக்க அது உதவும்.

முதல் பயணம் எங்கே என்று கேட்டால், கொரில்லாவில் தொடங்காதீர்கள் என்பேன். ஒரு மணி நேரம்தான், கை நடுங்கும், பணமும் அதிகம். மடகாஸ்கரில் ரனோமஃபானா, அந்தாசிபே இரண்டையும் சேர்த்துப் பத்து நாள் போங்கள். 2020 கணக்குப்படி 107 லெமூர் இனங்களில் 103 ஆபத்தில் இருக்கின்றன, ஆகவே எதைப் பார்த்தாலும் அநேகமாக ஆபத்தில் இருக்கும் இனம்தான். உள்ளூர் வழிகாட்டிகள் நன்றாகத் தெரிந்தவர்கள், தினமும் நாலைந்து மணி நேரம் காட்டில் இருக்கலாம். இருட்டில் வெளிச்சம் பார்க்கவும், காத்திருக்கவும், விலகவும் அங்கே பழகிக்கொண்டு, அடுத்த வருடம் கொரில்லாவுக்குப் போங்கள்.

ஏற்பாட்டாளருக்கு எழுதும் முதல் கடிதத்தில் சளி வந்தால் என்ன, அந்தக் குடும்பத்தை ஒரு நாளில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், தீனியும் ஒலிபெருக்கியும் உண்டா, உள்ளூர் வழிகாட்டியின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: கடைசியாக எந்தப் பயணத்தில், எதற்காக, படமெடுக்காமல் குழுவைத் திருப்பிக் கூட்டி வந்தீர்கள்? நல்லவர் என்றால் உடனே ஒரு சம்பவத்தைச் சொல்வார், நாள் தேதியோடு.